பொறியும் பொறுப்பும்

விழா மலர் ஒன்றிலே சிறுவர் காணும் சித்திரக் கதைகளைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். இலக்கியமும் வரலாறும் கல்லூரியின் பழம்பெருமையும் பேசப்படும் ஏட்டில் இயந்திர மனிதனுக்கு என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் இன்று எவ்வீட்டுக்குட் புகுந்தாலும், பள்ளிவிட்டு வந்த பிள்ளை தொலைக்காட்சியின் முன்னோ கைத்தொலைபேசியின் முன்னோ அமர்ந்து ஏதேனும் ஒரு சித்திரப் படத்திலே தோய்ந்திருப்பதைக் காணலாம். அப்படங்கள் பலவற்றில் தலைவனாய் விளங்குவோன் இயந்திர மனிதன். ஆசிரியர் விதைக்குமுன் பிள்ளையின் மனத்தை உழுதுவிடுகின்ற ஏர் எதுவோ, அதனை ஆராய்தல் கல்லூரி மலருக்குப் புறம்பான செயலன்று.

இக்கதைகளை விரும்பிக் காணும் மாணவரிடம் ஒரு முறையீடு உண்டு. இயந்திரங்கள் வானிற் பறக்கின்றன, மலையைப் பிளக்கின்றன, தீப்பொறி சிந்த ஒன்றோடொன்று பொருதுகின்றன. சுவை மிகுந்துவரும் அவ்வேளையில் மனிதர் இடையே புகுந்து கதையைத் தடுக்கின்றனர். சிறுவன் ஒருவன் அஞ்சி ஓலமிடுகின்றான். நரைத்த தலையினராகிய விஞ்ஞானி ஒருவர் நெடிய விளக்கம் கூறுகின்றார். "இம்மனிதரை நீக்கிவிட்டால் கதை எவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும்!" என்பது அவர்தம் முறையீடு. இக்கருத்துப் பொருந்தாது என்பதும், இயந்திரக் கதைக்கு மனிதனே உயிர்நிலை என்பதும் எமது துணிபு. வேறெவராலும் ஆற்றவியலாத ஒரு தொழில் அங்கே அவனுக்கு உண்டு. அதுவே பொறுப்பேற்றல்.

தமிழிலே பொறி என்னுஞ் சொல் இயந்திரத்தைக் குறிக்கும். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளையுங் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லிலே கூடியது ஆழ்ந்து எண்ணத்தக்கது. கண் காண்கின்றது, ஆயினும் கண்டதற்குக் கண்ணை நாம் குற்றஞ் சாட்டுவதில்லை. கை எடுக்கின்றது, களவுக்குக் கையை அன்று, அக்கைக்குரியவனையே மன்றில் நிறுத்துகின்றோம். பொறி தொழில் செய்யும். பொறுப்பு ஆளுக்கு உரியது. எஃகினாற் செய்த பொறிக்கும் இம்முறையே பொருந்தும். அது மனிதனைப்போல நடக்கலாம், பேசலாம், மனிதனினும் விரைந்து கணிக்கலாம். "இதனை ஏன் செய்தாய்?" என்ற வினா எழும்போது விடைகூற ஒரு மனிதன் வேண்டும். அவனைக் கதையினின்று நீக்கினால் எஞ்சுவது இரும்போடு இரும்பு மோதும் ஓசையே.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி ஒன்று வருகின்றது. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசைக் கவர்ந்தபொழுது, சச்சந்த மன்னன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அம்மயிற்பொறியில் ஏற்றி விண்வழியே தப்பச் செய்கின்றான். பொறியை இயக்கும் முறையை அவள் முன்னரே கற்றிருந்தாள். பொறியிலே குறையொன்றும் இல்லை. ஆயினும் பகைவனின் வெற்றி முழக்கம் செவியில் விழுந்தபொழுது, கணவன் மாண்டான் என்று உணர்ந்து அவள் மயங்குகின்றாள். மயில் சுடுகாட்டில் இறங்குகின்றது. ஆங்கே சீவகன் பிறக்கின்றான். மயிலின் சிறகை வருணித்ததோடு புலவர் அமைந்திருந்தால் அது ஒரு விந்தைப் பொருளின் வருணனையாய் முடிந்திருக்கும். பொறியைச் செலுத்தியவளின் துயரமே அதனைக் காவியமாக்கியது.

உதயணன் வரலாற்றிலே வரும் யானைப்பொறியோ மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. யாழிசையால் மதயானையையும் அடக்கவல்ல உதயணனைச் சிறைப்பிடிக்க விரும்பிய பிரச்சோதன மன்னன், செயற்கை யானை ஒன்றைச் செய்வித்துக் காட்டிலே நிறுத்தினான். அதன் வயிற்றினுள் வீரர் ஒளிந்திருந்தனர். உதயணன் அகப்பட்டான். யாழின் இசை யானையைப் பணியச் செய்யும். யானை உருவினுள் மறைந்திருக்கும் மனிதரின் வஞ்சகத்தை அது என் செய்யும்? ஒவ்வோர் இயந்திரத்தினுள்ளும் எவரேனும் ஒருவர் ஒளிந்திருக்கின்றார் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. யாழ் என்றவுடன் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் நம் நினைவில் எழுவார். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், வழக்கொழிந்துபோன யாழினைப் பழைய நூல்களிலிருந்தும் இசைக்கணக்கிலிருந்தும் ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ்நூலைத் தந்தார். கருவியையும் அதனை மீட்டும் மனிதனையும் ஒருங்கே நோக்கும் கல்வி இக்கரைக்குப் புதியதன்று.

நிற்க. இக்காலத்து இயந்திரக் கதைகளுக்கு வருவோம். 'ரோபோ' என்னுஞ் சொல்லை உலகிற்கு அளித்தது செக் நாட்டு எழுத்தாளர் கரல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய நாடகம். கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லினின்று அது பிறந்தது. அந்நாடகத்தில் ஊழியஞ் செய்யப் படைக்கப்பட்டோர் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கின்றனர். ஒரே ஒருவனை மட்டும் உயிரோடு விடுகின்றனர். அவன் தன் கையால் உழைத்துக் கட்டடம் எழுப்புபவன். உழைப்பைப் பிறர் தலையிற் சுமத்திவிட்டு, அதன் விளைவுக்கு மட்டும் விடைகூற மறுத்தோரின் வீழ்ச்சியே அந்நாடகம்.

சித்திரக் கதையிலும் சித்திரப் படத்திலும் இக்கருத்தை விரிவாக வளர்த்தோர் யப்பானியர். ஒசாமு தெசுகா என்னும் ஓவியர் மருத்துவக் கல்வி பெற்றவர். 1952ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'அட்டம்' என்னும் சிறுவனின் கதை 1963ஆம் ஆண்டிலே தொலைக்காட்சிக்கு வந்தது; ஆங்கிலத்தில் அதனை 'அஸ்ட்ரோ போய்' என்பர். விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அம்மகனின் வடிவிலே இயந்திரச் சிறுவனைப் படைக்கின்றார். சிறுவன் வளரவில்லை என்று கண்டதும் வெறுத்துச் சர்க்கஸ் கூட்டத்தாரிடம் விற்றுவிடுகின்றார். வேறொரு பேராசிரியர் அவனை மீட்டுப் பேணுகின்றார். ஒருவர் படைத்தார், பொறுப்பை மறந்தார். மற்றவர் படைக்கவில்லை, பொறுப்பை ஏற்றார். சிறுவனின் கால்களிலிருந்து தீ கக்கிப் பறக்கும் ஆற்றலைவிட, இவ்விரு மனிதர்க்கும் இடையிலுள்ள வேறுபாடே கதையின் நடுநாடி.

1956ஆம் ஆண்டில் மிற்சுதெரு யொக்கொயாமா தொடங்கிய 'இரும்பு மனிதன் 28' இன்னும் வெளிப்படையானது. போர்க்கருவியாகச் செய்யப்பட்ட அப்பேருருவுக்குச் சொந்த அறிவு இல்லை. சிறுவன் ஒருவன் கையிலுள்ள சிறு பெட்டியின் விசைகளுக்கு அது அடங்கி நடக்கும். அப்பெட்டி கள்வர் கைக்குச் சென்றால் அவர் ஏவலையும் அதே பணிவோடு செய்யும். நல்ல இயந்திரம், தீய இயந்திரம் என்ற பாகுபாடு அங்கில்லை. பெட்டி எவர் கையில் உளது என்பதே வினா. 1972ஆம் ஆண்டில் வந்த 'மசிங்கர்' கதையிலோ சிறுவன் இயந்திரத்தின் தலையினுள்ளே ஏறி அமர்ந்து அதனைச் செலுத்துகின்றான். இதனைக்கொண்டு நீ தெய்வமாகவும் ஆகலாம், அசுரனாகவும் ஆகலாம் என்னுங் கருத்தை அவன் பாட்டனார் உயிர்விடுந் தறுவாயில் உரைக்கின்றார். பிள்ளைகளின் கதையிலே இதனினும் கனத்த சொல் வேறு யாது வேண்டும்?

தமிழ் படிக்கும் சிறுவர்க்கு நெடுநாட் பழக்கமானவன் ஆர்ச்சி. இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் 1952ஆம் ஆண்டிலே தோன்றிய இவ்விரும்பு மனிதன், 1984ஆம் ஆண்டில் சிவகாசியிலே தொடங்கப்பட்ட லயன் காமிக்ஸ் வாயிலாகத் தமிழும் பேசினான். தொடக்கத்தில் அவன் பேசவே அறியான்; உடன் செல்லும் இளைஞர் இருவர் விசைப்பெட்டியால் அவனை இயக்கினர். பின்னர் அவனுக்குச் சிந்தையும் நாவும் வாய்த்தன. அவற்றோடு தற்பெருமையும் வந்து சேர்ந்தது. அவன் வீம்பு பேசி இடரிற் சிக்குந்தோறும் அவ்விளைஞர் அறிவுரை கூறுவதும் காப்பாற்றுவதும் நமக்கு நகைப்பூட்டுவன. விசையால் ஆளப்பட்டவன் சொல்லால் ஆளப்படுபவனாய் மாறியபொழுது, உடனிருந்த மனிதரின் வேலை குறையவில்லை, முன்னையினும் கடினமாயிற்று. கருவியை ஏவுதல் எளிது. அறிவுள்ள ஒன்றை நெறிப்படுத்துதல் அரிது. பெற்றோரும் ஆசிரியரும் இதனை நன்கறிவர்.

தமிழிலேயே எழுந்த புனைவுகளும் இவ்வழியினவே. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் எல்லோர் நெஞ்சையும் கவர்ந்தது. ஆயினும் அச்சத்தை மெல்ல மெல்ல வென்று எழுகின்ற நிலா என்னும் எளிய பெண் இல்லையேல் ஜீனோவின் அறிவுக்கு அங்கே பயன் இல்லை. நாட்டை ஆளும் தலைவனோ உடலற்ற ஒளியுருவம். அவ்வொளியின் பின்னே மனிதர் மறைந்திருக்கின்றனர். உதயணனைப் பிடித்த யானை இங்கே வேறு வடிவில் வந்தது என்க. 2010ஆம் ஆண்டில் வந்த 'எந்திரன்' திரைப்படமும், இயந்திரம் இழைத்த கொடுமைக்கு எந்த மனிதன் காரணன் என்பதை நீதிமன்றத்திலே வினவியே முடிகின்றது.

எல்லாக் கதைகளும் இத்தகையன என்று யாம் கூறவில்லை. விளையாட்டுப் பொம்மைகளை விற்கும் நோக்கத்தோடு ஆக்கப்பட்ட தொடர்கள் பல உள. அவற்றில் இரும்புப் பூதங்கள் இரண்டு கட்டிப் புரளும், மாடங்கள் சரியும், தெருக்கள் பிளக்கும். அம்மாடங்களிற் குடியிருந்தோர் யார், அவர் என்னவாயினர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் நகரம் பழையபடி நிமிர்ந்து நிற்கும். போரையும் கடற்கோளையும் கண்ட இந்நாட்டிலே, வீடு சரிந்தால் அதனுள் மக்கள் இருப்பர் என்பதை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தொடர்களிலே மனிதர் இருந்தும் அவர்க்கு வேலை இல்லை. மாணவர்க்குச் சலிப்பூட்டுவது மனிதரின் இருப்பன்று. வேலையற்ற இருப்பே ஆகும்.

இயந்திரங்களே பேசிச் சிரித்து அன்பு செய்யும் நல்ல படங்களும் உளவே, அவற்றிற்கு மனிதர் எதற்கு என்று வாதிப்பார் உளர். அவர் சுட்டும் சிறந்த படம் 2008ஆம் ஆண்டில் வந்த 'வோல்-ஈ'. குப்பை மலிந்த உலகில் தனித்து உழலும் சிறு இயந்திரத்தின் கதை அது. முதற்பகுதியிலே மனித நடமாட்டமே இல்லை. ஆயினும் அக்குப்பை எவருடையது? மனிதருடையது. விண்கலத்திலே இருக்கையை விட்டு எழாது உடல் பருத்துக் கிடக்கும் மனிதரைப் படத்தின் பிற்பகுதி காட்டுகின்றது. கலத்தைச் செலுத்தும் இயந்திரத்தை எதிர்த்து அதன் தலைவர் தள்ளாடியபடி தம் காலில் எழுந்து நிற்கும் இடமே படத்தின் முடி. மனிதர் இல்லாத பகுதியிலும் மனிதரின் பொறுப்பே பேசப்பட்டது. ஆதலின் அவ்வாதம் எம் கருத்துக்கே வலியூட்டுகின்றது.

இவையெல்லாம் கற்பனைதாமே என்று ஒதுக்குவார்க்கு நம் கரையில் நிகழ்ந்ததைக் கூறுவோம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி காலை ஏறத்தாழ 7 மணிக்குச் சுமாத்திராவுக்கு அண்மையிலே கடலடி நிலம் நடுங்கியது. உலகின் பல பாகங்களிலுமுள்ள கருவிகள் சில நிமிடங்களில் அதனை உணர்ந்தன. நடுக்கத்தின் முழு அளவை அவை முதலில் அறியாவிடினும், ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் முதல் அறிக்கையை விடுத்தது. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விரண்டு மணி நேரத்தில் கரைவலை இழுத்தோர்க்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முற்றத்தே விளையாடிய பிள்ளைகட்கும் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. செய்தியை வாங்கிக் கரைக்கு உரைக்கும் ஏற்பாடு இந்து மாகடலில் அன்று இருந்திலது. அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கடல் கொண்டது இம்மாவட்டத்திலேதான்.

கருவி இருந்தது, "ஓடுங்கள்!" என்று கூவ வேண்டிய மனிதன் இருந்திலன். சித்திரப் படத்திலே கதையைத் தடுக்கின்றான் என்று நாம் வெறுத்தோமே, அந்த ஓலமிடும் சிறுவன்! அவனே அன்று நமக்கு வேண்டியிருந்தவன். அதன்பின் இந்து மாகடலுக்கென எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி நடுங்கியபொழுது, எச்சரிக்கை கரையை எட்டியது. மக்கள் உள்நாட்டை நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் முன்போல் அறியாமையில் ஆழ்ந்திருக்க மாட்டோம். இரண்டு நாள்களுக்கும் இடையே தோன்றிய வேறுபாடு கருவியின் கூர்மையால் மட்டும் வந்ததன்று; கருவி உரைப்பதைத் தம் கடமையாக ஏற்றுப் பிறர்க்கு உரைக்க மனிதர் நியமிக்கப்பட்டதனாலும் வந்தது.

இன்று நம் மாணாக்கர் கையில் வேறொரு பொறி வந்து சேர்ந்துள்ளது. வினாவை இட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் இயந்திரம் கைத்தொலைபேசியிலேயே உளது. அதனைத் தொடாதே என்று தடுப்பதாற் பயனில்லை, தடுத்தாலும் தொடுவர். இவ்விடத்தில் 'டோரேமோன்' கதையை நினைவூட்டலாம். 1970ஆம் ஆண்டளவில் யப்பானிலே தோன்றித் தமிழ்க் குரலிலும் பிள்ளைகள் கேட்டு மகிழும் இக்கதையில், எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரப் பூனை, சோம்பலுள்ள நொபித்தா என்னும் சிறுவனுக்கு விந்தைக் கருவிகளை நல்குகின்றது. வீட்டுப் பாடத்தையும் வேலையையும் கருவியின் தலையிற் கட்டிவிட்டு உறங்க முயலும் நொபித்தா பெரும்பாலும் புதிய இடரிலே விழுகின்றான். பூனை தந்த கருவியிற் குற்றமில்லை. தன் கடமையையும் சேர்த்து அதனிடம் ஒப்படைத்ததே குற்றம். கட்டுரையின் அடியிலே மாணவன் தன் பெயரை எழுதுகின்றான். அப்பெயர் வெறும் அடையாளம் அன்று. "இவ்வாக்கியத்துக்கு நான் விடை கூறுவேன்" என்னும் உறுதிமொழி அது. விடை கூறவியலாத வாக்கியத்தின் கீழ்ப் பெயரிடுபவன், கதையிலே வேலையற்று நிற்கும் மனிதனாகின்றான்.

நம் வயல்களைப் பாருங்கள். ஆட்கள் வரிசையாய் நின்று அரிவாளால் அறுத்த வட்டைகளில் இன்று அறுவடை இயந்திரம் இறங்குகின்றது. நாட்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகின்றது. யாரும் அதனை வெறுக்கவில்லை. ஆயினும் அது அயலான் வரம்பை உடைத்துவிட்டால், போடியார் இயந்திரத்தோடு வழக்காடுவதில்லை. ஓட்டியவனையும் அழைத்து வந்தவனையுமே கேட்கின்றார். எழுத்தறியாத உழவனும் அறிந்த இந்நீதியைக் கற்றோர் மறத்தல் ஆகாது. இயந்திரம் தீர்மானித்தது, கணினி மறுத்தது என்று கூறி அலுவலகங்களிலே மனிதர் தப்பித்துக்கொள்ளுங் காலம் வந்துவிட்டது. அவ்விடையைக் கேட்டு அடங்கிப் போகாத தலைமுறை ஒன்று நமக்கு வேண்டும்.

அதற்கு யாது செய்யலாம்? முதலாவதாக, பெற்றோரும் ஆசிரியரும் இப்படங்களை இகழ்ந்து ஒதுக்காது பிள்ளைகளோடு உடனிருந்து காணல் வேண்டும். கண்டபின் ஒரு வினாவை மட்டும் கேட்டால் போதும்: "இதற்கெல்லாம் யார் பொறுப்பு?" அவ்வொரு வினாவிலே பிள்ளை நல்ல கதையையும் வெறுங்கதையையும் தானே பிரித்தறியும். இரண்டாவதாக, கல்லூரியின் தமிழ் மன்றத்தாரும் விஞ்ஞான மன்றத்தாரும் கூடிச் சித்திரக் கதைகளை ஆக்குதல் வேண்டும். இயந்திரங்கள் எந்நாட்டினவாயினும் ஆகுக. மனிதர் நம்மூரவராய் இருக்கட்டும். மருதமுனைத் தறிக்காரர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, நொடிக்கு ஆயிரம் இழை நெய்யும் இயந்திரத்துக்குச் சேலைக் கரையின் அழகைக் கற்பிக்கலாம். கடலை நோக்கி நிற்கும் எச்சரிக்கைப் பொறி உரைப்பதை முதலிற் கேட்டு ஓடிவரும் மீனவச் சிறுவன் ஒருவனைக் கதைத் தலைவன் ஆக்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே, கடலும் வயலும் தறியும் இருவர்க்கும் பொது. அலை வந்தபொழுது அது எவருடைய வீடு என்று கேட்டு வரவில்லை. இருவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒருங்கிருந்து எழுதத்தக்க கதைகள் இவை. பழைய மாணவருள் ஓவியரும் பொறியியலாளரும் அச்சகத்தாரும் உளர். அவர் கைகொடுத்தால் இஃது இயலாத செயலன்று.

பொறிகள் மேன்மேலும் வல்லனவாகும்; அதனை எவராலும் தடுத்தல் இயலாது, தடுக்க வேண்டுவதும் இல்லை. அவற்றின் வன்மை ஏறுந்தோறும் அவற்றின் பக்கத்தே நிற்கும் மனிதனின் பொறுப்பும் ஏறல் வேண்டும். கல்லூரி செய்யும் தொழில் அதுவே. பொறியைச் செய்யக் கற்பித்தல் அதன் ஒரு பாதி. செய்த பொறிக்கு விடை கூறும் மனிதரை ஆக்குதல் மற்றப் பாதி. இவ்விழாக் காணும் கல்லூரி இரண்டு பாதியையும் நிறைவாக ஆற்றி, இக்கரையின் மக்களுக்கு நெடுங்காலம் துணைநிற்பதாக!